போலாரம் பண்டுவின் ஜெர்சி

மகனை அணியிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று சாமி கும்பிட்டுவிட்டு ரயில் ஏறிய தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே சொல்லிக்கொள்ளக் கூடிய வேண்டுதல் இல்லை. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஓடி, முழங்கால் ஒத்துவராமல் போனதும் நின்றுகொண்டவன். படிப்பு எட்டாவதோடு சரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் கிரிக்கெட் மட்டையைத் தொடுவதற்கு முன்னாலேயே கூடைப்பந்தைத் தூக்கிவிடுவார்கள். என் மகன் பாண்டியராஜனும் அப்படித்தான். டிப்ளமா முடித்ததும் ஐதராபாத்துக்குப் போய், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தான். மூன்று வருஷமாகிறது. சாயங்காலமானால் அந்த ஊர் அணி ஒன்றுக்கு ஆடுகிறான். டிவியில் வராத சின்ன லீக். அணியின் பேரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், அதனால் விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். இவனுக்கென்றே வந்த மாதிரி வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவனோ போனில், "இந்த ஞாயித்துக்கிழம மேட்ச் முடிஞ்சதும் எங்கள்ல ஒருத்தர டீம்லேர்ந்து தூக்கப்போறாங்கப்பா. அது தெரிஞ்சபிறகு சொல்றேனே" என்றான். தூக்கிவிட்டால் ஊருக்கு வருவான். வைத்துக்கொண்டால் வரமாட்டான். என் மனைவி லட்சுமி இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். "போயி கையோட கூட்டிட்டு வாங்க." ஒரு அட்டைப் பெட்டி நிறைய பன்னீர் திராட்சையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை செகந்திராபாத்தில் இறங்கும்போது பெட்டியின் ஒரு மூலை ஈரமாக இருந்தது. யாரோ அதன்மேல் காலை வைத்துத் தூங்கியிருக்கிறார்கள். இனி எறும்பு வரும், எறும்பு வந்தால் வீட்டுக்காரர் திட்டுவார், திட்டினால் மகனுக்குச் சங்கடம் என்று ஸ்டேஷன் வாசலுக்குள் முழுக் கணக்கும் போட்டு முடித்துவிட்டேன். என் மனசு அப்படித்தான் ஓடும்.

ஆட்டோக்காரர் ஒரு கையில் ஓட்டிக்கொண்டு மறு கையில் போன் பேசினார். நான் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போகும்படி தெலுங்கில் சொன்னேன். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் போலவே எங்கள் வீட்டிலும் ஒரு பழைய தெலுங்கு உண்டு. அதற்கும் ஐதராபாத் தெலுங்குக்கும் ஒன்றுவிட்ட சொந்தம்தான். ஆட்டோக்காரர் போனை வைத்துவிட்டு, முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போனது.

"பெரியவரே, இது எந்த ராஜா காலத்துத் தெலுங்கு?" என்றார்.

போலாரம் வரும்வரை கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

போலாரம் ராணுவக்காரர்கள் இருக்கும் இடம். நீளமான சுவர்கள், பெரிய மரங்கள், பழைய பங்களாக்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த காதுக்கு அந்த அமைதியே பயமாக இருந்தது. மகன் குடியிருப்பது ஒரு சந்துக்குள், ரெஜினா அம்மா வீட்டு மாடியில். அவர் தமிழர்தான். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். அவர் கணவரும் அதே ஒர்க்ஷாப்பில் இருந்து காலமானவர். ரெஜினா அம்மா பேசும் தமிழில் ரயில்பெட்டி மாதிரி எல்லா ஊரும் ஏறி உட்கார்ந்திருந்தது.

"வாங்கண்ணா. மொதல்ல சாப்பாடு, அப்பறம் பேச்சு. நக்கோ, வேணாம்னு மட்டும் சொல்லக் கூடாது."

தக்காளி போட்ட பருப்பு, கோங்கூரா என்கிற புளிச்சக்கீரைத் துவையல், வறுத்த மிளகாய். பருப்பை எங்கள் ஊரில் ரசத்துக்கு முன்னால் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வோம். இங்கே அதுதான் முதலாளி. திராட்சைப் பெட்டியை அவரே பிரித்து, நசுங்கியதை ஜூஸுக்கு ஒதுக்கி, நல்லதைக் கழுவி, சந்தில் யாருக்கெல்லாம் கொடுப்பது என்று பேர் சொல்லிப் பிரித்தார். எல்லாரிடமும் "பண்டு வீட்டுத் திராட்சை" என்றே கொடுத்தார்.

"பண்டு யாரும்மா?"

"உங்க புள்ளதான். பாண்டின்னு நாங்க கூப்ட ஆரம்பிச்சோம். இந்தச் சந்துப் பசங்க வாயில அது பண்டு ஆயிடிச்சி. தெலுங்குல பழம். செல்லமா கூப்டறதுதான், எதுக்கு மூஞ்ச அப்டி வெச்சிக்கினீங்க?"

நான் பார்த்துப் பார்த்து வைத்த பேர்.

அணி விஷயத்தையும் அவர்தான் சொன்னார். "முன்னே எல்லாம் வெளியாளுங்கண்ணா. பஞ்சாப்லேர்ந்து ஒசரம் ஒசரமா கொண்டாந்தாங்க. ஹவ், ஆமா, ஜெயிச்சாங்க. பாக்கத்தான் ஆளில்ல. பந்து தரையில படற சத்தம் மட்டும் கேக்கும். அப்பறம் ஒரு மேனேஜர் மேடம் வந்தாங்க. ஒரு ஏரியாவுக்கு ஒரு பையன்னு உள்ளூர்லயே எடுத்தாங்க. ஜெர்சியத் தொவைக்கிற வேலைய எங்க தலையில கட்டிட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம் இதுதான். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்ப் பையன்களின் ஜெர்சி கிளப்புக்குப் போவதில்லை, அந்தந்த ஏரியாவுக்குப் போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு அதை வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த ஆட்டத்துக்கு எடுத்து வர வேண்டும். பையன் உள்பனியனோடு வந்து நிற்பான். கொண்டுவந்தவர் ஜெர்சியை மாட்டிவிட்டு, மைக்கில் ஏரியாவின் பேரைச் சொல்ல வேண்டும். ஏரியாக்காரர்கள் கத்த வேண்டும்.

"தொவைச்ச வீட்டுக்காரன் மேட்ச்சுக்குப் போவாம இருப்பானா? அவன் போனா பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? இந்த வாட்டி எங்க வீடு."

சாயங்காலம் பாண்டி வந்தான். நிலை இடிக்காமலிருக்கக் குனிந்தே உள்ளே வந்தான். இத்தனை உயரம் எப்போது வளர்ந்தான் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும். திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏம்ப்பா, ஒருத்தர தூக்கப்போறாங்கன்னியே, உன்னையத்தான் இருக்குமா?"

"இருக்கலாம்ப்பா. நான் லோக்கல் இல்லன்னு ஹப்சிகுடா ஏரியா ஆளுங்க மேடத்துக்கிட்ட சொல்லியிருக்காங்க. மூணு வருஷமா இருந்தா லோக்கலா, அப்பா அம்மாவும் இங்க இருந்தாத்தான் லோக்கலான்னு ஒரே பேச்சு."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"'ஞாயித்துக்கிழம ஏரியா பேரு சொல்றப்பப் பாத்துக்குவோம்'னாங்க."

எனக்குள் ஜில்லென்று ஒரு நிம்மதி இறங்கியது. அந்த நேரம் பார்த்து அவன் சொன்னான்: "எனக்கு இங்கயே இருக்கணும் போல இருக்குப்பா. அம்மாகிட்ட சொல்லிறாதீங்க."

சனிக்கிழமை அவனுக்கு வேலை நாள். மதியச் சாப்பாட்டை நானே ஜீடிமெட்லாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். எனக்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. செகந்திராபாத்தில் வண்டி மாறும்போது போர்டைப் பார்த்து ஒரு யூகத்தில் ஏறிவிட்டேன். பஸ் நம் பஸ்களைப்போல் சினிமாப் பாட்டுப் போடாமல் ஊமையாகப் போனது. கண்டக்டர் பெண். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஜீடிமெட்லா அந்தப் பக்கம், இது ஹப்சிகுடா பக்கம்" என்றார். வாழ்நாள் முழுக்க ஊரார் ஏறும் தப்பான பஸ்ஸைச் சரிசெய்து அனுப்பியவன் நான். "நானும் கண்டக்டர்தான்" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இறங்கின பிறகு பார்த்தால் பஸ்ஸின் முதுகில் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது.

ஹப்சிகுடாவில் ஒரு பஜ்ஜி வண்டியின் ஓரமாக நின்றேன். இங்கே மிளகாய் பஜ்ஜி என்றால் மிளகாயின் வயிற்றைக் கீறி, புளியும் ஓமமும் வைத்துப் பொரிக்கிறார்கள். மேலே வெங்காயம், எலுமிச்சை. நம் ஊர் பஜ்ஜியில் மிளகாயைத் தேட வேண்டும். இதில் மாவைத் தேட வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வண்டிக்குப் பின்னால் சுவரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் போஸ்டர். அதில் என் மகனும் இருந்தான், மூன்றாவது ஆளாக. வழுக்கைத் தலைக்காரர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க ஏரியா கிரண் நம்ம கண்ணெதிர்ல வளந்தவன். இந்தப் போலாரம் பையன் மதராஸ் பக்கம். நாளைக்கு எவனாவது அதிகமாக் காசு தர்றேன்னு கூப்பிட்டா மூட்டையக் கட்டிட்டுப் போயிடுவான்."

"நல்லா ஆடுறானே" என்றார் கடைக்காரர்.

"அதான் தொந்தரவே. மட்டமா ஆடினா நான் ஏன் பேசப்போறேன்."

கூட்டிக்கொண்டு போக நான்தான் வந்து நிற்கிறேன். காது சூடேறியது, அது மிளகாயாலும் இருக்கலாம். என் தெலுங்கில் நன்றி சொல்லி பாட்டிலைக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊர்?" என்றார். "தூரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சாப்பாட்டை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். பாண்டி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டானாம்.

திரும்பி வரும்போது ரெஜினா அம்மா முற்றத்தில் ஜெர்சிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சந்தே கூடியிருந்தது. தயிர்க் கடைக்காரர், ரிட்டயர் ஆன ஹவில்தார் ஒருவர், ஸ்கூட்டரை அணைக்காமல் நின்ற ஒரு பெண். நம்பர் ஒட்டியிருந்த இடத்தில் சூடு அதிகம் படக் கூடாது என்பார் ஒருவர். தண்ணீர் தெளிக்கச் சொல்வார் இன்னொருவர். ரெஜினா அம்மா ஒரு பக்கச் சுருக்கத்தை எடுத்து மறுபக்கம் விட்டுக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைத் தினம் தானே தேய்த்துப் போட்டவன் பொறுக்க முடியாமல் இஸ்திரிப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். ஒரு துணியை மேலே விரித்து, மெதுவாக இழுத்தேன். முடித்து மடித்தபோது ஹவில்தார் பட்டாளத்துக்காரர் மாதிரியே தலையை ஒரு தடவை அசைத்தார்.

"போன வாட்டி என் வீட்டுல தொவச்சோம். பண்டு நல்லா போட்டான். அதுக்கு முந்தின வாட்டி இவன் வீட்டுல, ஒண்ணும் போகல" என்று தயிர்க் கடைக்காரரைக் காட்டினார். தயிர்க் கடைக்காரர், "அன்னைக்குத் தொவச்சது உங்க வீட்டு சோப்புல" என்றார்.

அவர்களில் ஒருவருக்கும் கூடைப்பந்து தெரியாது. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்பதைச் சிக்ஸர் என்றார்கள். ஆனால் என் மகனுக்கு எந்த மாதம் கணுக்கால் பிசகியது, எத்தனை நாள் கட்டோடு மாடிப்படி ஏறினான், யார் வீட்டிலிருந்து கஞ்சி போனது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. எங்களிடம் அவன் சொல்லவில்லை, நாங்கள் பயப்படுவோம் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புமாவை உள்ளே வைத்து மடித்த தோசை வந்தது. தோசை, உப்புமா இரண்டையும் தனித்தனியாகத்தான் வெறுக்கவோ விரும்பவோ வேண்டும் என்று நினைத்திருந்தேன். சேர்ந்தே நன்றாக இருந்தது.

எனக்கு வேட்டி கவலை. வேட்டியோடு போய் உட்கார்ந்தால் மதராஸ்காரன் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு போகிற மாதிரி. ரெஜினா அம்மாவிடம் கேட்டு அவர் வீட்டுக்காரருடைய பேன்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் நிற்கவில்லை. பாண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குப்பா இது?"

"உனக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுல்ல."

"நீங்க வேட்டியே கட்டுங்கப்பா. பேன்ட்டப் புடிச்சிக்கிட்டே இருந்தா மேட்ச்ச எப்பப் பாப்பீங்க?"

விலக்கிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டவன், அவனுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று பேன்ட் தேடிக்கொண்டிருந்தேன். இது எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளரங்கம் தார்நாகாவைத் தாண்டி இருந்தது. ஹப்சிகுடா பக்கம், அதனால் அவர்கள் கூட்டம்தான் அதிகம். நாங்கள் ஒரு வேனிலும் நாலைந்து ஸ்கூட்டரிலும் போய்ச் சேர்ந்தோம். ஏரியா ஏரியாவாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரணி விஜயவாடாவிலிருந்து வந்திருந்தது, அவர்களுக்குக் கத்த டிரைவர் ஒருவர்தான். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தேன்.

உள்ளூர்ப் பையன்கள் உள்பனியனோடு வரிசையாக வந்து நின்றார்கள். முதலில் கிரண். அவனுக்கு ஜெர்சி மாட்டியது அந்த வழுக்கைத் தலைக்காரர்தான், அவனுடைய மாமாவாம். "ஹப்சிகுடா" என்று அவர் சொன்னதும் கூரை அதிர்ந்தது.

அடுத்து போலாரம் என்றார்கள். ரெஜினா அம்மா எழுந்து, படியிறங்காமல், ஏறி என்னிடம் வந்தார். மடித்த ஜெர்சியை என் மடியில் வைத்தார்.

"போண்ணா. இஸ்திரி போட்ட கைதான் மாட்டணும்."

"ஐயோ, நான் எப்படிம்மா? துவைச்சது நீங்க."

"தொவச்சதுக்கு நான் கத்தறேன். நீ போ."

"என்னால அவனுக்குக் கெட்டுப்போயிரும்மா."

"அண்ணா, எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்தார்கள்தான். வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அந்த மரத் தரை வழுக்கும் போலிருந்தது. என்னைப் பார்த்ததும் பாண்டியின் முகம் மாறிவிட்டது. பிறகு எனக்கு எட்டட்டும் என்று குனிந்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கையைத் தூக்குவதுபோல இரண்டு கையையும் தூக்கினான். தலை வழியாக மாட்டி, கீழே இழுத்துவிட்டேன். தோளில் விழுந்திருந்த ஒரு சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டேன்.

மைக் பிடித்தவன் இளவட்டம். மேனேஜர் அம்மா பக்கத்திலேயே கை கட்டிக்கொண்டு நின்றார். வரிசையின் ஓரத்தில் கிரணின் மாமா. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டது அவர் முகத்தில் தெரிந்தது.

"அங்கிள், உங்க ஏரியா?"

கம்பம் என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லலாம். லட்சுமி ரயிலடிக்கு வந்து நிற்பாள். அவன் அந்த மாடி ரூமைக் காலி செய்ய அரைநாள் ஆகாது. எதற்காக வந்தேனோ அது என் வாயில் ஒரு சொல்லாக இருந்தது. பாண்டி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதைச் சொன்னாலும் அப்பாவைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்துவிட்டவன் மாதிரி நின்றான்.

"போலாரம்" என்றேன்.

சின்னக் குரலில்தான் வந்தது. மைக் அதைப் பெரிதாக்கிவிட்டது. மேலே ஹவில்தார், தயிர்க் கடைக்காரர், ஸ்கூட்டர் பெண் எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். ரெஜினா அம்மா துவைத்ததற்கும் சேர்த்துக் கத்தினார்.

அன்றைக்குத் தோற்றுப்போனோம், கடைசியில் கொஞ்ச வித்தியாசத்தில். பாண்டி இரண்டு 'சிக்ஸர்' போட்டான். கிரணும் அவனும் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் மேலே நடக்கும் சண்டை அவர்களுக்குத் தெரியாது போலிருந்தது.

ஆட்டத்தின் நடுவே, இடைவேளையில் டீ குடிக்கப் போன இடத்தில் கிரணின் மாமா வந்தார். "பெரியவரே, போலாரத்துல இந்தத் தெலுங்கை எந்தத் தெருவில பேசுறாங்க?" என்று மேனேஜர் அம்மா காதுபடக் கேட்டார்.

மேனேஜர் அம்மா என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். "இனிமே பேசுவாங்க" என்றார். "உங்க ஆளுங்களுக்கு இது பக்கம், போலாரத்துக்காரங்களப் பாத்தீங்களா? வீடு தூரம், ஆனாலும் வந்திருக்காங்க." கிரணின் மாமா தலையைச் சொறிந்தார். பிறகு எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கித் தந்தார். மிளகாயை எடுத்துவிட்டு.

திங்கட்கிழமை காலை பாண்டிக்குப் போன் வந்தது. வைத்துக்கொண்டார்கள். நீக்கப்பட்டது வேறொரு ஏரியாப் பையன். அந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிந்திருக்குமா, அந்த ஜெர்சியைக் கடைசியாகத் துவைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு அதுவும் ஒரு கவலையாகிவிட்டது. பாண்டி என் காலடியில் உட்கார்ந்திருந்தான். "அம்மாகிட்ட நீங்களே பேசுங்கப்பா" என்று போனைக் கொடுத்தான்.

லட்சுமி முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னங்க, வாரானா?"

"வரலம்மா."

நான் ஆட்டத்தைச் சொன்னேன், ஜெர்சியைச் சொன்னேன், சந்தைச் சொன்னேன். கணுக்கால் கதையை மட்டும் விட்டுவிட்டேன். மைக்கில் கேட்டதையும், நான் சொன்னதையும் சொன்னேன். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"பொறந்த ஊர மாத்திச் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்: "அந்தச் சட்டைய யாரு வேணாலும் தொவைக்கலாமா?"

"அந்த ஏரியாக்காரங்க துவைக்கலாம்."

"அடுத்த தடவ நான் வாரேன். நீங்க நீலம் அதிகமாப் போட்டுருவீங்க. அந்த ஊர் பேரு என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவளுக்கு வாயில் நுழையவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். பாண்டி போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்க, கம்பத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"போலா...ரம்."